பிரிட்டனில் உயரும் தோட்ட வாடகை: நிலத்துக்கான விலையா, சேவைக்கான கட்டணமா?

பிரிட்டனின் நகரங்களிலும் சிற்றூர்களிலும் சிறு நிலத்துண்டுகளை ஆண்டு வாடகைக்கு எடுத்து, வீட்டுக்கு வேண்டிய உருளைக்கிழங்கு, வெங்காயம், பீன்ஸ் முதலியவற்றைப் பயிரிட்டு வருவோருக்குக் கடந்த சில ஆண்டுகளாக உள்ளாட்சி மன்றங்களிலிருந்து வரும் கடிதங்களில் பெரும்பாலும் ஒரே செய்திதான் இருக்கிறது: வாடகை உயர்கிறது. சில ஊர்களில் உயர்வு விலைவாசியை ஒட்டியே அமைந்துள்ளது. சில ஊர்களிலோ வாடகை ஒரேயடியாக இரு மடங்கை நெருங்குகிறது.

தொகையை மட்டும் பார்த்தால் இது பெரிய செய்தியாகத் தோன்றாது. முழு அளவிலான ஒரு துண்டுக்கு ஆண்டு வாடகை, ஊரைப் பொறுத்து, சில பத்துப் பவுண்டுகளிலிருந்து நூறு பவுண்டுக்குச் சற்று மேல் வரை இருந்துவந்தது. ஒரு பவுண்டு நூறு ரூபாய்க்கு மேல் என்று வைத்துக்கொண்டாலும், லண்டனில் ஒரு மாத வீட்டு வாடகையோடு ஒப்பிட இது ஒரு பொருட்டே அன்று. ஆயினும் மன்றக் கூட்டங்களில் வாக்குவாதம் எழுகிறது, கையெழுத்து இயக்கங்கள் நடக்கின்றன, நாடாளுமன்ற உறுப்பினர்கள் கடிதம் எழுதுகிறார்கள். ஏழைத் தொழிலாளிக்கு உரிமையாக அளிக்கப்பட்ட ஒன்று, செலவுக்கு ஏற்ப விலை வைக்கப்படும் மன்றச் சேவையாக மாறிவருகிறது என்பதே இந்தச் சினத்தின் அடிப்படை.

ஆறேகால் சென்ட்

ஆங்கிலத்தில் இதற்கு ‘அலாட்மென்ட்’ என்று பெயர். தமிழில் மொழிபெயர்க்க அமரும்போது இந்தச் சொல் சிக்கல் தருகிறது. ‘ஒதுக்கீடு’ என்றால் நம் வாசகருக்கு இடஒதுக்கீடு நினைவுக்கு வரும். வீட்டுவசதி வாரிய ஒதுக்கீடும் நினைவுக்கு வரலாம். காய்கறித் தோட்டம் நினைவுக்கு வராது. அதற்குக் கொடுக்கும் பணத்தை எப்படிக் குறிப்பது என்பதும் எளிதன்று. விளைநிலத்துக்குக் கொடுப்பதைக் குத்தகை என்போம். வீட்டுக்கும் பாத்திர பண்டத்துக்கும் கொடுப்பதை வாடகை என்போம். ஆங்கிலச் சட்டம் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்துகிறது. இன்றைய தகராறும் ஏறத்தாழ அந்த இடத்தில்தான் நிற்கிறது.

மரபான ஓர் அலாட்மென்டின் அளவு 10 ‘ராட்’. அதாவது ஓர் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு. நம் கணக்கில் ஆறேகால் சென்ட். ஒரு கிரவுண்டுக்குச் சற்றுக் கூடுதல். பல மன்றங்கள் காத்திருப்போர் எண்ணிக்கையைக் குறைப்பதற்காக இதை இரண்டாகவும் நான்காகவும் பிரித்துக் கொடுக்கின்றன. துண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக, இடையே நடைபாதையோடு, பொது வேலிக்குள் அமைந்திருக்கும். ஒரு மூலையில் கருவிகள் வைக்கும் கொட்டகை, மழைநீர்த் தொட்டி, எருக்குவியல் ஆகியவை இருக்கும். யாரும் அங்கே குடியிருக்கக் கூடாது. விளைந்ததை விற்றுத் தொழில் செய்யவும் கூடாது. 1922ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரையறைப்படி, அது பயிரிடுபவரும் அவர் குடும்பமும் உண்பதற்கான காய்கனிகளை முழுவதுமாகவோ பெரும்பாலுமாகவோ விளைவிக்கும் நிலம்.

இந்த நிபந்தனை முக்கியமானது. வாடகை உயர்ந்தால் விவசாயி விளைபொருளின் விலையை உயர்த்த முயலலாம். கடைக்காரர் சரக்கின் விலையைக் கூட்டலாம். அலாட்மென்ட் வைத்திருப்பவருக்கு அந்த வழி இல்லை. கூடுதல் பவுண்டு ஒவ்வொன்றும் அவருடைய கூலியிலிருந்தோ ஓய்வூதியத்திலிருந்தோதான் வர வேண்டும்.

வேலி போட்டவர்கள் தந்த இழப்பீடு

இங்கிலாந்தில் பொது மேய்ச்சல் நிலங்களையும் திறந்த வயல்களையும் வேலியிட்டுத் தனியுடைமையாக்கிய நீண்ட வரலாற்றின் மறுபக்கம்தான் அலாட்மென்ட். நிலமற்றோருக்கு ஏதேனும் விட்டுவைக்க வேண்டும் என்ற நெருக்கடியில், 1845ஆம் ஆண்டு வேலியிடல் சட்டம் ஏழைகளுக்கு ‘வயல் தோட்டங்கள்’ ஒதுக்க வழிசெய்தது. 1887ஆம் ஆண்டுச் சட்டம், தேவை இருப்பின் நிலம் அளிக்கும் பொறுப்பை உள்ளாட்சிகள் மீது சுமத்தியது. 1908ஆம் ஆண்டின் சிறுநிலம் மற்றும் அலாட்மென்ட் சட்டம் அந்தக் கடமையை உறுதிப்படுத்தியது. வாக்காளர் பட்டியலில் உள்ள ஆறு பேர் சேர்ந்து எழுத்துமூலம் கோரினால், மன்றம் அதைக் கருத்தில் கொண்டாக வேண்டும் என்ற விதி இன்றும் நடப்பில் உள்ளது.

தொடக்கத்தில் இந்த உரிமை ‘உழைக்கும் மக்களுக்கு’ மட்டும் உரியதாக இருந்தது. முதல் உலகப் போர் முடிந்து படைவீரர்கள் ஊர் திரும்பிய 1919இல் அந்தக் கட்டுப்பாடு நீக்கப்பட்டு, எவரும் கேட்கலாம் என்றாயிற்று. இரண்டாம் உலகப் போரில் இறக்குமதி தடைப்பட்டபோது, ‘வெற்றிக்காகத் தோண்டுங்கள்’ என்ற அரசின் இயக்கம் பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் காய்கறித் தோட்டங்களாக்கியது. அக்காலத்தில் நாட்டில் சுமார் 14 லட்சம் துண்டுகள் இருந்தன. இன்று எஞ்சியிருப்பவை ஏறத்தாழ 3.3 லட்சம்.

காணாமல்போனவை எங்கே போயின என்பது இன்னும் கவனிக்கத்தக்கது. பிரிட்டனின் பத்து நகரப் பகுதிகளின் பழைய, புதிய வரைபடங்களை ஒப்பிட்டு ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வின்படி, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இருந்த உச்ச அளவிலிருந்து அலாட்மென்ட் நிலம் 65 சதவீதம் குறைந்திருந்தது. மிக வறிய பகுதிகள், வசதியான பகுதிகளைக் காட்டிலும் எட்டு மடங்கு இழப்பைச் சந்தித்திருந்தன. யாருக்காகச் சட்டம் எழுதப்பட்டதோ அவர்கள் வாழும் தெருக்களில்தான் நிலம் முதலில் மறைந்திருக்கிறது. வாடகை உயர்வு இந்த இழப்பின் மேல் வந்து விழுகிறது.

‘நியாயமாக எதிர்பார்க்கத்தக்க’ வாடகை

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வாடகையை நிர்ணயிக்கும் விதி 1950ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10ஆம் பிரிவில் உள்ளது. ஒரு குத்தகையாளர் அந்தப் பயன்பாட்டுக்காக, அந்த நிபந்தனைகளின்பேரில் நிலத்தை எடுத்தால், எவ்வளவு கொடுப்பார் என்று நியாயமாக எதிர்பார்க்கலாமோ அதுவே வாடகை என்பது அதன் சாரம். எண் எதுவும் இல்லை; உச்சவரம்பும் இல்லை. தனிப்பட்ட சூழ்நிலை கருதிக் குறைந்த வாடகைக்கு விட மன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அது அதிகாரமே தவிர, கடமை அன்று.

இந்தச் சொற்றொடரை இரு தரப்பும் தத்தம் பக்கம் இழுக்கின்றன. காய்கறி விளைவிக்கவே பயன்படுத்த வேண்டிய, விற்க முடியாத, வீடு கட்ட முடியாத நிலத்துக்கு என்ன மதிப்பு உண்டோ அதுதான் வாடகை என்கின்றனர் தோட்டக்காரர்கள். மன்றங்களோ, நாங்கள் வெறும் நிலத்தைத் தரவில்லை. குடிநீர்க் குழாய், வேலி, வாயிற்பூட்டு, குப்பை அகற்றல், காலியான துண்டைச் சீரமைத்தல், பட்டியலைப் பராமரிக்கும் ஊழியர் ஆகிய அனைத்தையும் தருகிறோம். இதன் செலவை வாடகை ஈடுகட்ட வேண்டும் என்கின்றன. ‘முழுச் செலவு மீட்பு’ என்பது அண்மைக்கால மன்ற அறிக்கைகளில் தவறாமல் இடம்பெறும் தொடராகிவிட்டது.

நீதிமன்றம் இதில் ஓரளவு வழிகாட்டியுள்ளது. தென்கிழக்கு இங்கிலாந்தின் ரைகேட் அண்ட் பான்ஸ்டெட் மன்றத்துக்கு எதிராக 1980களின் தொடக்கத்தில் நடந்த வழக்கில், மற்ற பொழுதுபோக்கு வசதிகளை எப்படி நடத்துகிறதோ அதற்கு மாறாக அலாட்மென்ட் வாடகையை மட்டும் தனியாகப் பன்மடங்கு உயர்த்துவது முறையன்று என்று தீர்ப்பு வந்தது. நீச்சல் குளத்துக்கும் விளையாட்டுத் திடலுக்கும் மானியம் தரும் மன்றம், தோட்டக்காரரிடம் மட்டும் முழுச் செலவைக் கேட்பது ஏன் என்ற கேள்வியைச் சங்கங்கள் இன்றும் இந்தத் தீர்ப்பை வைத்தே எழுப்புகின்றன. ஆனால் அந்தக் காலத்தில் மன்றங்கள் நீச்சல் குளங்களை மூடிக்கொண்டிருக்கவில்லை. எல்லா வசதிகளின் கட்டணமும் சேர்ந்து உயரும் இன்றைய நிலையில் அத்தீர்ப்பு எவ்வளவு தூரம் காப்பாற்றும் என்பது ஐயத்துக்குரியது.

மன்றங்களின் காலிப் பெட்டி

மன்றங்கள் பேராசையால் இதைச் செய்கின்றன என்று சொல்வது எளிது; அது சரியாகாது. முதியோர் பராமரிப்பு, குழந்தைகள் பாதுகாப்பு, வீடற்றோருக்குத் தற்காலிக இடம் ஆகிய சட்டப்படியான கடமைகள் பல மன்றங்களின் வரவுசெலவை விழுங்கிவருகின்றன. வருமானத்துக்குள் செலவை அடக்க முடியவில்லை என்று அறிவிக்கும் 114ஆம் பிரிவு அறிவிக்கையைக் கிராய்டன் 2020இலும், தர்ரக் 2022இலும், வோக்கிங், பர்மிங்காம், நாட்டிங்காம் ஆகியவை 2023இலும் வெளியிட்டன. பர்மிங்காம் 2024இல் ஏறத்தாழ 30 கோடி பவுண்டு அளவுக்கு இரண்டாண்டுச் சிக்கனத் திட்டத்தை ஏற்றதோடு, உள்ளாட்சி வரியையும் சுமார் 10 சதவீதம் உயர்த்தியது.

இந்த வரிக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. பெரிய மன்றங்கள் ஆண்டுக்கு 5 சதவீதத்துக்கு மேல் உயர்த்த வேண்டுமானால் உள்ளூர் வாக்கெடுப்பு நடத்த வேண்டும், அல்லது மத்திய அரசின் சிறப்பு அனுமதி பெற வேண்டும். அலாட்மென்ட் வாடகை, கல்லறைக் கட்டணம், வாகன நிறுத்தக் கட்டணம் போன்றவற்றுக்கு அப்படிப்பட்ட தடை இல்லை. வரவுசெலவை எழுதும் அதிகாரியின் பேனா அந்தப் பக்கம் திரும்புவதில் வியப்பில்லை.

ஆனால் இதில் எவ்வளவு தேறும்? ஒரு பெரிய நகரில் 3,000 துண்டுகள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 50 பவுண்டு கூட்டினால் கிடைப்பது 1.5 லட்சம் பவுண்டு. 30 கோடிப் பவுண்டுப் பற்றாக்குறையில் அது இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. மன்றத்தின் ஓட்டையை அடைக்க உதவாத அந்த 50 பவுண்டு, ஓய்வூதியத்தை மட்டும் நம்பி வாழும் ஒருவருக்குக் கையைக் கடிக்கும் தொகை. 2025-26ஆம் நிதியாண்டில் பிரிட்டனின் முழுமையான புதிய அரசு ஓய்வூதியம் வாரத்துக்கு 230.25 பவுண்டு. மின்சாரம், எரிவாயு, உணவு எல்லாம் அதற்குள்தான் அடங்க வேண்டும்.

தண்ணீரையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். பல இடங்களில் வாடகையோடு தண்ணீர்க் கட்டணமும் தனியாக வசூலிக்கப்படுகிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வீட்டு இணைப்புகளுக்கான தண்ணீர்க் கட்டணமே 2025 ஏப்ரலில் சராசரியாக 26 சதவீதம் உயர்ந்தது. வறண்ட கோடைகள் அடிக்கடி வரும் காலத்தில் குழாயை மூடிவிட்டு மழைத்தொட்டியை மட்டும் நம்பச் சொல்வது, தக்காளி காய்க்கும் மாதத்தில் பெரிதாகப் பயன்படும் அறிவுரை அன்று.

பிரிஸ்டலில் நடந்தது

மேற்கு இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர மன்றம் 2024இன் தொடக்கத்தில் வாடகையைப் பெருமளவு உயர்த்தும் திட்டத்தையும், கொட்டகை, நெருப்பு மூட்டுதல், மரம் நடுதல் உள்ளிட்டவற்றைக் கட்டுப்படுத்தும் புதிய விதிகளின் வரைவையும் ஒருசேர முன்வைத்தது. எதிர்ப்பு கடுமையாக எழவே, விதிகளைப் பொறுத்தவரை மன்றம் பின்வாங்கியது. வாடகை உயர்வைக் கைவிடவில்லை.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. தோட்டக்காரர்களை அதிகம் கொதிக்க வைத்தது பணத்தைவிட விதிகளே என்று அந்த நாள்களின் செய்திகளைப் படிக்கும்போது தோன்றுகிறது. மன்றத்துக்கும் அது புரிந்தது. கொட்டகை விதியை விட்டுக்கொடுத்தால் வாடகையைப் பெற்றுக்கொள்ளலாம். ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் கொடுக்கும் தொகை என்பதால், முணுமுணுத்துக்கொண்டே பெரும்பாலோர் கட்டிவிடுகிறார்கள். கட்ட முடியாதவர் போராடுவதில்லை. சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார். அவர் ஏன் போனார் என்பது எந்தப் பதிவேட்டிலும் வருவதில்லை. மறுநாளே காத்திருப்போர் பட்டியலில் அடுத்த பெயர் அழைக்கப்படுகிறது.

அந்தப் பட்டியல்தான் மன்றங்களின் கையில் உள்ள உண்மையான துருப்புச்சீட்டு. தகவல் அறியும் சட்டத்தின் கீழ் பெற்ற விவரங்களைக் கொண்டு கிரீன்பீஸ் அமைப்பு 2023இல் வெளியிட்ட கணக்கின்படி, பிரிட்டன் முழுவதும் குறைந்தது 1.74 லட்சம் விண்ணப்பங்கள் காத்திருந்தன. ஒருவரே ஒன்றுக்கு மேற்பட்ட பட்டியலில் பெயர் கொடுத்திருக்கலாம் என்பதை மறந்துவிடக் கூடாது. இருந்தும் கொரோனா காலத்தில் வீட்டுக்குள் அடைபட்டவர்கள் மண்ணைத் தேடியதும், 2023 மார்ச்சில் உணவுப் பொருள் விலையேற்றம் 19 சதவீதத்தைத் தாண்டியதும் இந்த நெரிசலின் பின்னணியில் உள்ளன. தேவை இவ்வளவு இருக்கையில் எந்த வாடகைக்கும் ஆள் கிடைப்பார். சந்தைக் கணக்கில் ‘நியாயமாக எதிர்பார்க்கத்தக்க வாடகை’ அதுவே என்று வாதிடவும் முடியும். அந்த வாதம் நிலைபெற்றால் 1950ஆம் ஆண்டின் விதி, பாதுகாப்பாக இருந்த நிலை மாறி ஏணியாகிவிடும்.

மறுதரப்பின் வாதத்திலும் வலு இருக்கிறது. அலாட்மென்ட் வைத்திருப்போரில் இன்று கார் வைத்திருக்கும் நடுத்தர வகுப்பினர் ஏராளம். ஓர் உடற்பயிற்சிக் கூடத்தின் ஓரிரு மாதக் கட்டணத்துக்கு ஓர் ஆண்டு முழுவதும் ஆறேகால் சென்ட் நிலம் கிடைக்கும்போது, அதற்கான மானியத்தைப் பட்டியலில் காத்திருப்பவரும் சேர்ந்து வரியாகக் கட்டுவது முறையா என்பது பதில் சொல்ல வேண்டிய கேள்விதான். வசதியுள்ளவர் கூடுதலாகக் கட்டட்டும் என்பதை மறுக்க இக்கட்டுரையாளருக்கும் காரணம் தெரியவில்லை. சிக்கல், வசதியுள்ளவரையும் இல்லாதவரையும் ஒரே கடிதம் ஒரே விகிதத்தில் சென்றடைவதில் இருக்கிறது. பல மன்றங்கள் மூத்தோருக்கும் குறைந்த வருமானத்தினருக்கும் சலுகை அளிக்கின்றன. எனினும் சலுகையின் அளவும் தகுதியும் மன்றத்துக்கு மன்றம் மாறுகின்றன. செலவு மீட்புப் பேச்சு வந்தாலே முதலில் கத்தரி விழுவதும் அங்கேதான்.

குடியேறியோரின் தோட்டங்களையும் இங்கே நினைக்க வேண்டியிருக்கிறது. லெஸ்டர், கவென்ட்ரி, கிழக்கு லண்டன் போன்ற இடங்களில் தெற்காசியக் குடும்பங்கள் சுரைக்காய், வெந்தயக்கீரை, கொத்தமல்லி ஆகியவற்றை இந்தத் துண்டுகளில்தான் வளர்த்துவருகின்றன. கவென்ட்ரி அருகே இயங்கும் ‘கார்டன் ஆர்கானிக்’ அமைப்பு, இப்படி வந்து சேர்ந்த பயிர்களையும் விதைகளையும் சேகரித்து மற்றத் தோட்டக்காரர்களுக்கும் கற்றுத்தரத் தனித் திட்டமே நடத்தியது. அடுக்ககங்களில் வாழும் இக்குடும்பங்கள் பலவற்றுக்கு வேறு மண் இல்லை.

ஸ்காட்லாந்தின் விடை, ஜெர்மனியின் விடை

ஒரே நாட்டுக்குள் ஸ்காட்லாந்து வேறு பாதையில் சென்றுள்ளது. அங்கு 2015இல் நிறைவேறிய சமூக அதிகாரமளிப்புச் சட்டம், காத்திருப்போர் எண்ணிக்கை மொத்தத் துண்டுகளில் பாதியைத் தாண்டாமலும், எவரும் ஐந்தாண்டுக்கு மேல் காத்திராமலும் இருக்க மன்றங்கள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. வாடகைக்கும் ‘நியாய வாடகை’ முறையை விதிகளில் எழுதியாக வேண்டும். அளிக்கப்படும் சேவை, அதன் செலவு ஆகியவற்றோடு, கட்டுபவரின் சக்தியைப் பாதிக்கும் சூழ்நிலையையும் அம்முறை கணக்கில் கொள்ள வேண்டும். இங்கிலாந்தில் மன்றத்தின் விருப்பத்துக்கு விடப்பட்டது, ஸ்காட்லாந்தில் கடமையாகியிருக்கிறது. நடைமுறையில் ஸ்காட்லாந்து நகரங்களிலும் நீண்ட பட்டியல்கள் உள்ளன. சட்டம் எழுதியதால் மட்டும் நிலம் முளைத்துவிடுவதில்லை.

ஜெர்மனி எண்ணையே சட்டத்தில் எழுதிவிட்டது. ஏறத்தாழ 9 லட்சம் சிறுதோட்டங்கள் உள்ள அந்நாட்டில், 1983ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டக் குத்தகைக்கு உச்சவரம்பு வைத்தது. அந்த வட்டாரத்தில் காய்கனி விளைவிக்கும் தொழில்முறை விவசாயி கொடுக்கும் குத்தகையின் இரு மடங்குக்கு மேல் போகக் கூடாது என்பது தொடக்க விதி. நில உரிமையாளர்களுக்கு இது அநீதி என்று அரசமைப்பு நீதிமன்றம் 1992இல் கூறியதையடுத்து, 1994இல் வரம்பு நான்கு மடங்காயிற்று. நகர மனை விலையோடு ஒப்பிட்டால் விவசாயக் குத்தகை மிகக் குறைவு. ஆகவே நான்கு மடங்கும் எளிய மனிதருக்கு எட்டும் தொகைதான். முன்னே சொன்ன குத்தகை, வாடகை என்ற சொற்சிக்கலுக்கு ஜெர்மன் சட்டம் தெளிவான விடை தந்துவிட்டது: இது விளைநிலம், அதற்குரியது குத்தகை. தண்ணீர், வேலி போன்ற செலவுகள் வேறு கணக்கு.

விற்பனையும் மறுசீரமைப்பும்

இங்கிலாந்தில் வாடகைப் பேச்சு நிலத்தின் விற்பனையோடு பின்னிக்கிடக்கிறது. அலாட்மென்டுக்கென்றே வாங்கப்பட்ட நிலத்தை மன்றம் விற்க வேண்டுமானால், 1925ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி அமைச்சரின் ஒப்புதல் தேவை. 2024 பொதுத் தேர்தலுக்குப் பின் எட்டு இடங்களின் விற்பனைக்கு அப்படி ஒப்புதல் அளிக்கப்பட்டது என்ற விவரம் 2025 ஆகஸ்டில் வெளிவந்தபோது, அப்போது துணைப் பிரதமராகவும் வீட்டுவசதி அமைச்சராகவும் இருந்த ஏஞ்சலா ரேய்னர் கண்டனத்துக்கு ஆளானார். தாமே பல்லாண்டுகளாக அலாட்மென்டில் பயிரிட்டு வரும் தொழிற்கட்சி முன்னாள் தலைவர் ஜெரமி கோர்பின், இது சாமானியர்களின் வாழ்வைப் பறிக்கும் செயல் என்ற பொருளில் நாளிதழில் எழுதினார். கட்டுப்பாடுகள் கடுமையாகவே உள்ளன, கொள்கையில் மாற்றமில்லை என்பது அரசின் விளக்கம். தனியார், தேவாலயம், ரயில்வே ஆகியவற்றின் நிலத்தில் அமைந்த தோட்டங்களுக்கு அந்த எட்டாம் பிரிவின் பாதுகாப்பும் இல்லை. லண்டனின் உள்வட்டப் பகுதி மன்றங்களுக்கோ அலாட்மென்ட் அளிக்க அதிகாரம் உண்டே தவிர, 1960களிலிருந்து கடமை கிடையாது.

அடுத்து வரவிருப்பது உள்ளாட்சி மறுசீரமைப்பு. மாவட்ட மன்றங்களையும் மேல்நிலை மன்றங்களையும் இணைத்து ஒற்றை மன்றங்களாக்கும் திட்டத்தை அரசு 2024 டிசம்பரில் அறிவித்தது. பெரும்பாலான பகுதிகளில் புதிய மன்றங்கள் 2028 ஏப்ரலில் பொறுப்பேற்க வேண்டும் என்பது இலக்கு. பல மாவட்டங்கள் ஒன்றாகும்போது பல வாடகை விகிதங்களும் ஒன்றாக வேண்டியிருக்கும். அவை குறைந்த விகிதத்தில் ஒன்றாகும் என்று எந்தச் சங்கமும் நம்பிக்கொண்டிருக்க முடியாது. சில மாவட்டங்கள் அதற்கு முன்பே தோட்டங்களை ஊர் மன்றங்களிடமோ தோட்டக்காரர் சங்கங்களிடமோ ஒப்படைத்துவிட ஆர்வம் காட்டக்கூடும். அப்படி ஒப்படைக்கப்படும் இடங்களில் வேலியும் குழாயும் சங்கத்தின் பொறுப்பு. வாடகையையும் சங்கமே முடிவு செய்யும். சலுகை வேண்டுவோர் அப்போது மனு கொடுக்க வேண்டியது பக்கத்துப் பாத்திக்காரரிடம்.